உலக இசைக்கருவிக் காட்சியகங்களும் நம் நால்வகைக் கருவிகளும்

சங்க நூல்களைப் பயிற்றுவிக்கும் ஆசிரியர் அடிக்கடி எதிர்ப்படும் இடர் ஒன்று உண்டு. மலைபடுகடாத்தின் தொடக்கத்திலேயே, கூத்தர் தம் பைகளிற் கட்டிச் சுமந்து செல்லும் கருவிகளாக முழவும் ஆகுளியும் பாண்டிலும் தூம்பும் குழலும் தட்டையும் எல்லரியும் பதலையும் எண்ணப்படுகின்றன. அருஞ்சொற்பொருள் பகுதியைப் புரட்டினால் ஆகுளிக்குச் 'சிறுபறை' என்றும், பதலைக்கு 'ஒருதலைப் பறை' என்றும், எல்லரிக்கு 'ஒருவகைப் பறை' என்றும் விடை கிடைக்கும். சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு அடியார்க்குநல்லார் வகுத்த உரையிலோ தோற்கருவிகள் மட்டும் முப்பதுக்கு மேல் அடுக்கப்படுகின்றன. பேரிகை, படகம், இடக்கை, சல்லிகை, கரடிகை, திமிலை, தக்கை, தடாரி என்று நீளும் அப்பட்டியலிற் பெரும்பாலானவற்றுக்கு இன்றைய அகராதிகள் வழங்கும் பொருள் மீண்டும் அதே 'ஒருவகைப் பறை'தான். வகுப்பில் கூர்மையுள்ள மாணாக்கன் ஒருவன் எழுந்து, "எந்த வகை, ஐயா?" என்று கேட்டுவிட்டால் நம்மிற் பலர் அடுத்த அடிக்கு விரைந்து சென்றுவிடுகிறோம்.

சொல்லைக் காத்துவைத்த நாம் பொருளைக் காத்துவைக்கவில்லை என்பதே இதன் காரணம். இக்குறை தமிழர்க்கு மட்டும் உரியதன்று. மரமும் தோலும் நரம்பும் மூங்கிலும் கொண்டு செய்யப்படும் பொருள்கள் கல்லையும் செம்பையும் போல் நின்று நிலைப்பதில்லை. அன்றியும், இசைக்கருவி என்பது பயன்படும் வரையில் போற்றப்பட்டு, பயன் ஒழிந்ததும் பரணில் ஏற்றப்படும் இயல்புடையது. ஐரோப்பிய அரண்மனைகளிலும் தேவாலயங்களிலும் நூற்றுக்கணக்கான கருவிகள் இருந்தன என்றாலும், புதியது வந்ததும் பழையது விறகாயிற்று. ஆகவே இசைக்கருவிகளை அவற்றின் பொருட்டே தொகுத்து, வரிசைப்படுத்தி, பொதுமக்கள் காணத் திறந்துவைக்கும் வழக்கம் மிகப் பிந்தியே தோன்றியது. பாரிஸ் இசைக்கல்லூரி தன் தொகுப்பை 1864ஆம் ஆண்டு மக்களுக்குத் திறந்தது. இலண்டனில் சௌத் கென்சிங்டன் காட்சியகத்தின் கருவிகளைப் பற்றிக் கார்ல் எங்கெல் எழுதிய விரிவான விளக்க அட்டவணை 1874இல் வெளிவந்தது. எனினும் நாம் கூர்ந்து நோக்க வேண்டியது, 1877இல் பெல்ஜிய நாட்டுத் தலைநகரான பிரசெல்ஸில் தோன்றிய காட்சியகத்தையே. அதன் அடித்தளத்தில் பாதி இந்தியாவினின்றும் சென்றது.

அக்காட்சியகம் இரு தொகுப்புகளின் சேர்க்கையால் உருவாயிற்று. முதலாவது, பிரசெல்ஸ் இசைக்கல்லூரியின் முதல் தலைவராக 1833ஆம் ஆண்டு பொறுப்பேற்று, 1871இல் மறையும் வரையில் அதனை நடத்திய ஃபெத்தீஸ் என்னும் இசையறிஞர் சேர்த்தது. இசைவாணர்களின் வாழ்க்கை வரலாற்றுக் களஞ்சியம் ஒன்றைப் பல தொகுதிகளாக எழுதிய அவர், தம் ஆய்வுக்கென ஏறத்தாழ நூறு கருவிகளைத் திரட்டி வைத்திருந்தார். அவர் மறைந்தபின் 1872இல் பெல்ஜிய அரசு அவற்றை விலைக்கு வாங்கி அதே கல்லூரியில் வைத்தது. இரண்டாவது தொகுப்பு 1876ஆம் ஆண்டு கல்கத்தாவிலிருந்து வந்தது. அதுவும் ஏறத்தாழ நூறு கருவிகளைக் கொண்டது. இரண்டாம் லியோபோல்டு மன்னருக்குப் பரிசிலாக அனுப்பப்பட்டது. அனுப்பியவர் சௌரீந்திர மோகன் தாகூர்.

தாகூர் என்றவுடன் நம் மாணாக்கர் இரவீந்திரநாதரை எண்ணுவர். சௌரீந்திர மோகன் அக்குலத்தின் மற்றொரு கிளையினர். 1840இல் பிறந்து 1914இல் மறைந்தவர். செல்வக் குடியிற் பிறந்தும் இசையாராய்ச்சியையே தொழிலாகக் கொண்ட இவர், 1871இல் கல்கத்தாவில் இசைப்பள்ளி ஒன்றை நிறுவினார். 1875இல் 'யந்திர கோசம்' என்னும் பெயரில் இசைக்கருவிகளின் களஞ்சியம் ஒன்றை வங்கமொழியில் வெளியிட்டார். அக்காலத்தில் வங்காளத்தில் பள்ளி ஆய்வாளராக இருந்த கிளார்க் என்னும் ஆங்கிலேயர், இந்திய இசையையும் ஐரோப்பியக் கோட்டுமுறைச் சுரக்குறியிலேயே எழுதிப் பயிற்றுவிக்க வேண்டும் என்று 1874இல் வாதிட்டார். தாகூர் அதனை மறுத்து எழுதினார். நம் இசைக்கு நம் குறியீடு போதும் என்பதே அவர் வாதத்தின் சாரம். பள்ளி ஆய்வாளரின் சொல் வேதவாக்காக இருந்த காலத்தில் அவ்வாறு மறுத்துரைக்கத் துணிவு வேண்டும். ஆசிரியர்களாகிய நாம் இதனை நன்கறிவோம்.

வாதத்தோடு அவர் நின்றுவிடவில்லை. உலகின் பல நாட்டு மன்னர்களுக்கும் கல்விக்கூடங்களுக்கும் தம் செலவில் இந்தியக் கருவிகளை அனுப்பிக்கொண்டே இருந்தார். பதிலுக்குப் பட்டங்களும் பதக்கங்களும் அவரை வந்தடைந்தன. அவற்றை அவர் பெரிதும் விரும்பினார் என்பதும் மறைக்க வேண்டாத உண்மையே. ஆயினும் பட்டங்களை விரும்பிய செல்வர்கள் அக்காலத்தில் ஆயிரவர். அவருள் வீணையையும் மிருதங்கத்தையும் கப்பலேற்றிக் கடல் கடத்தியவர் எத்தனை பேர்?

இவ்விரு தொகுப்புகளையும் ஏற்றுக் காட்சியகத்தை உருவாக்கும் பணி விக்டர் சார்லஸ் மஹியோன் என்பாரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் கருவி செய்யும் தொழிற்குடும்பத்தைச் சேர்ந்தவர். ஊதுகருவிகளின் உட்துளையையும் உலோகத்தின் கனத்தையும் கையால் அறிந்தவர். நூலறிவு மட்டும் உடைய ஒருவரை அப்பொறுப்பில் அமர்த்தியிருந்தால் பிரசெல்ஸ் காட்சியகம் ஓர் அழகுப்பொருள் அறையாகவே முடிந்திருக்கும் என்பது என் கருத்து. மஹியோன் வெளிநாடுகளிற் பணியாற்றிய பெல்ஜியத் தூதர்களுக்கும் பயணிகளுக்கும் எழுதி, கருவிகளை வரவழைத்தார். பழுதுற்றவற்றைச் செப்பனிடவும், பிறரிடமுள்ள அரிய கருவிகளுக்குப் படி எடுக்கவும் காட்சியகத்திலேயே பட்டறை ஒன்றை அமைத்தார். அக்கருவிகளையும் அவற்றின் படிகளையும் கொண்டு பழைய இசையை மேடையேற்றும் நிகழ்ச்சிகளை இசைக்கல்லூரித் தலைவராயிருந்த கெவார்ட் நடத்தினார். 1924இல் மஹியோன் மறைந்தபோது, இருநூறு கருவிகளோடு தொடங்கிய காட்சியகத்தில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட பொருள்கள் இருந்தன. அவற்றின் விளக்க அட்டவணையை 1880 தொடங்கி 1922 வரை ஐந்து தொகுதிகளாக அவர் வெளியிட்டார்.

அவ்வட்டவணையே நம் கட்டுரைக்கு மையமானது. ஐரோப்பியர் அதுவரையில் தம் கருவிகளை நரம்புக்கருவி, ஊதுகருவி, தட்டுகருவி என மூன்றாகப் பகுத்துவந்தனர். இம்முறை ஓர் இசைக்குழுவின் இருக்கைகளை ஒழுங்குபடுத்தப் போதுமானது. உலகக் கருவிகள் அனைத்தையும் அடக்கப் போதாது. முரசும் தட்டப்படுகிறது, மணியும் தட்டப்படுகிறது. ஆனால் ஒன்றில் ஒலிப்பது தோல், மற்றொன்றில் ஒலிப்பது கருவியின் உடலே. எனவே, எப்படி இசைக்கப்படுகிறது என்று கேளாமல் எது அதிர்கிறது என்று கேட்ட மஹியோன், கருவிகளை நான்காகப் பகுத்தார். தம் உடலே அதிர்வன, தோல் அதிர்வன, நரம்பு அதிர்வன, காற்று அதிர்வன என்பன அவை.

இதனைப் படிக்கும் தமிழாசிரியர் புன்முறுவல் பூப்பார். கஞ்சக்கருவி, தோற்கருவி, நரம்புக்கருவி, துளைக்கருவி என நாம் தொன்றுதொட்டு வழங்கிவரும் பகுப்பு அன்றோ அது! வடமொழியில் பரதரின் நாட்டிய சாத்திரம் இவற்றைக் கனம், அவனத்தம், ததம், சுசிரம் என்று கூறும். தாகூரும் இந்தியக் கருவிகளை இந்நான்கு வகையிலேயே விளக்கி எழுதினார். தாகூரின் கருவிகள் 1876இல் பிரசெல்ஸை அடைகின்றன. 1880இல் மஹியோனின் நாற்பகுப்பு அச்சேறுகிறது. இந்தியப் பகுப்பின் சாயல் அங்கே படிந்துள்ளது என்று இசையியலார் பலர் கருதுவதில் வியப்பில்லை.

ஆயினும், 'எல்லாம் நம்மிடமிருந்து சென்றதே' என்று மேடையில் முழங்கிவிட்டு அமர்ந்துகொள்ளும் பழக்கம் நமக்கு நன்மை செய்யாது. இரு பகுப்புகளையும் ஒப்பவைத்து நோக்கினால் வேறுபாடும் புலப்படும். கஞ்சம் என்பது வெண்கலம். கஞ்சக்கருவி என்னும் பெயர் ஒலிக்கும் பொருளின் மூலத்தைச் சுட்டுகிறது. இவ்வகையில் தாளமும் மணியும் ஐயமின்றி அடங்கும். மண்ணாலான கடத்தை எங்கே வைப்பது? அதில் தோலும் இல்லை, நரம்பும் இல்லை; வெண்கலமும் இல்லை. மஹியோனின் முறையில் ஐயமே எழாது. கடத்தின் உடலே அதிர்வதால் அது முதல் வகை. கஞ்சிராவையும் எண்ணிப் பாருங்கள். அதன் முகம் தோல். அதன் விளிம்பிற் செருகிய காசுகளோ கஞ்சம். வட இந்தியாவில் 'நியாசதரங்கம்' என்றொரு கருவி வழங்கியது. காண்பதற்குச் சிறிய பித்தளை எக்காளம் போன்றே இருக்கும். ஆனால் அதனை ஊதுவதில்லை. தொண்டையின் இருபுறமும் வைத்து அழுத்திக்கொண்டு முனகினால், உள்ளே பொருத்திய, சிலந்திக் கூட்டினின்றும் எடுத்த மெல்லிய சவ்வு அதிர்ந்து ஒலிக்கும். கண்ணால் நோக்குவோர் அதனைத் துளைக்கருவி என்பர். அதிர்வை நோக்குவோர் தோற்கருவிகளோடு சேர்ப்பர். பழஞ்சீனர் தம் கருவிகளை உலோகம், கல், பட்டு, மூங்கில், சுரை, மண், தோல், மரம் என எட்டாகப் பகுத்தனர். அப்பகுப்பு செய்பொருளை மட்டுமே நோக்கியது. நம் முன்னோரின் பகுப்பு அதனைக் கடந்து ஒலியின் பிறப்பிடத்தை நெருங்கியது என்பது பெருமைக்குரியது. அதனை இறுதிவரை கொண்டு சென்றவர் மஹியோன் என்பதையும் ஒப்புக்கொள்வோம்.

மஹியோனின் முறையை விரித்துச் செம்மைப்படுத்தியவர்கள் ஹோர்ன்போஸ்டெல், கர்ட் சாக்ஸ் என்னும் இருவர். 1914இல் ஜெர்மானிய இனவியல் இதழொன்றில் அவர்கள் வெளியிட்ட கட்டுரையே இன்றளவும் உலகக் காட்சியகங்களின் பொதுமொழியாக விளங்குகிறது. நூலகங்களில் நூல்களுக்குப் பதின்ம எண் இடுவது போல் கருவிகளுக்கு அவர்கள் எண் இட்டனர். ஒன்றில் தொடங்கும் எண் உடல் அதிரும் கருவி, இரண்டு தோல், மூன்று நரம்பு, நான்கு காற்று. ஒவ்வோர் எண்ணும் கிளைத்துக் கிளைத்துச் சென்று, ஒரு கருவியின் அமைப்பை மொழியறியாதவரும் அறியச் செய்கிறது. ஊருக்கொரு பெயர் இருக்கலாம், எண் ஒன்றே. 1940இல் சாக்ஸ் தம் வரலாற்று நூலில் மின்கருவிகளை ஐந்தாம் வகையாகச் சேர்த்தார். நம் இலக்கணத்தார் ஐந்தாவதாகச் சேர்த்ததோ மிடற்றுக்கருவி, அதாவது மனிதனின் தொண்டை. ஐந்தாம் இடத்திற்கு ஒருவர் மின்சாரத்தையும் மற்றொருவர் மனிதனையும் தேர்ந்த இவ்வேறுபாட்டை மாணாக்கர்க்கு எடுத்துரைத்தால் அவர்கள் எளிதில் மறவார்.

அவ்விருவரின் பிற்கால வாழ்வு துயரமானது. சாக்ஸ் பெர்லின் அரசு இசைக்கருவித் தொகுப்பின் தலைவராகவும், ஹோர்ன்போஸ்டெல் அந்நகரின் ஒலிப்பதிவுக் காப்பகத்தின் தலைவராகவும் விளங்கினர். 1933இல் ஹிட்லரின் ஆட்சி யூதக் குருதி உடையோரைப் பதவிகளினின்றும் நீக்கியபோது இருவரும் நாட்டை விட்டு வெளியேறினர். ஹோர்ன்போஸ்டெல் 1935இல் கேம்பிரிட்ஜில் உயிர் நீத்தார். சாக்ஸ் பாரிஸ் சென்று, பின்னர் நியூயார்க்கில் குடியேறி, 1959 வரை வாழ்ந்தார். 1888இல் தொடங்கிய பெர்லின் தொகுப்பில் நாலாயிரத்துக்கு மேற்பட்ட கருவிகள் இருந்தன. இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது ஏறத்தாழ எழுநூறே எஞ்சின. காட்சியகத்திற் சேர்ந்துவிட்டால் ஒரு பொருள் அழிவினின்றும் தப்பிவிட்டது என்று எண்ணுவதற்கில்லை.

இனி, இக்கருவிகள் எவ்வாறு வந்து சேர்ந்தன என்னும் வினாவையும் எழுப்பத்தான் வேண்டும். தாகூர் விரும்பிக் கொடுத்தார். எல்லாரும் அவ்வாறு கொடுத்தனர் அல்லர். 1799ஆம் ஆண்டு மே மாதம் சீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் மாண்டபின், அவரது அரண்மனையினின்றும் ஆங்கிலப் படையினர் கைப்பற்றிய பொருள்களுள் மரத்தாற் செய்த புலி ஒன்றும் இருந்தது. ஐரோப்பியன் ஒருவனைக் கீழே வீழ்த்தி அவன்மேற் பாய்ந்து நிற்கும் அப்புலியின் வயிற்றினுள் ஆர்கன் கருவி ஒன்று அமைந்துள்ளது. கைப்பிடியைச் சுழற்றினால் புலி உறுமும். வீழ்ந்தவன் கையை அசைத்து ஓலமிடுவான். கிழக்கிந்தியக் கும்பினியார் அதனை இலண்டனுக்குக் கொண்டுசென்று தம் மாளிகையிற் காட்சிக்கு வைத்தனர். இன்று அது இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் காட்சியகத்தில் இருக்கிறது. அதனை இசைக்கருவி என்பதா, போர்க்கொள்ளை என்பதா? இரண்டும்தான்.

சிங்கப்பூர் மாணாக்கர் நன்கறிந்த இராஃபிள்ஸும் இவ்வரலாற்றில் இடம்பெறுகிறார். 1811 முதல் சாவகத் தீவின் ஆளுநராயிருந்த அவர், 1816இல் இங்கிலாந்துக்குத் திரும்பியபோது, செதுக்கு வேலைப்பாடு மிகுந்த கமெலான் தொகுதிகள் இரண்டினை உடன் கொண்டுசென்றார். ஒன்று 1859இல் பிரித்தானியக் காட்சியகத்தை அடைந்தது. மற்றொன்று பக்கிங்காம்சயரில் கிளேய்டன் மாளிகையில் உள்ளது. கமெலானின் இசையை ஐரோப்பிய இசைவாணர் உள்ளம் உருகிக் கேட்டது அதற்கு வெகு காலம் கழித்தே. 1889இல் பாரிஸ் உலகப் பொருட்காட்சியில் சாவகக் கலைஞர்கள் நேரில் வாசித்தபோது கேட்ட தெபுஸ்ஸி அதனை வாழ்நாள் முழுதும் மறவாதிருந்தார். எழுபது ஆண்டுகளுக்கு மேல் இங்கிலாந்தில் இருந்த கருவிகள் செய்யாததை, வாசிப்போரின் கைகள் சில வாரங்களிற் செய்துவிட்டன. தாகூரின் பரிசிலை ஏற்ற லியோபோல்டு மன்னரும், 1885 தொடங்கிக் காங்கோ நாட்டைத் தம் சொந்த உடைமையாக்கி அம்மக்களை வதைத்தவரே என்பதையும் வரலாறு படிப்போர் மறத்தலாகாது. பெல்ஜியத்தின் காட்சியகங்களில் ஆப்பிரிக்கப் பறைகளின் எண்ணிக்கை பெருகியதற்கும் அவ்வாட்சிக்கும் தொடர்புண்டு.

கருவிகளைச் சேர்ப்பதினும் கடினமானது அவற்றை ஒலிக்கச் செய்வது. தோல் வறண்டால் வெடிக்கும். நரம்பை முறுக்கி வைத்தால் தண்டு வளையும். ஊதும்போது மூச்சின் ஈரம் பழைய மரத்தைப் பிளக்கும். எகிப்திய மன்னன் தூத்தங்காமனின் கல்லறையினின்றும் 1922க்குப் பின் எடுக்கப்பட்ட இரண்டு எக்காளங்கள், மூவாயிரம் ஆண்டு மௌனத்துக்குப் பின் 1939இல் வானொலியில் ஊதிக் காட்டப்பட்டன. உலகமே வியந்து கேட்டது. ஆயினும் பாதுகாவலர் எவரும் இன்று அதற்கு எளிதில் இசையமாட்டார். ஆகவே, காட்சியகத்திற் கருவி பிழைக்கிறது, இசை பிழைப்பதில்லை என்னும் குறை நெடுங்காலம் நீடித்தது.

இக்குறையைத் தீர்க்க முயன்றதும் பிரசெல்ஸ்தான். 'ஓல்டு இங்கிலாந்து' என்னும் பெயருடைய பழைய வாணிகக் கட்டடம், 1899ஆம் ஆண்டில் இரும்பும் கண்ணாடியுமாக எழுப்பப்பட்ட எழில்மிகு மாளிகை, கடை மூடப்பட்டபின் அரசால் வாங்கப்பட்டது. அங்கே காட்சியகம் 2000ஆம் ஆண்டு சூன் திங்களில் மீண்டும் திறக்கப்பட்டபோது, வருவோர் தலையில் அணிந்துகொள்ளக் காதொலிக் கருவி தரப்பட்டது. ஒரு கண்ணாடிப் பேழையின் முன்சென்று நின்றால் உள்ளிருக்கும் கருவியின் இசை தானே காதில் ஒலிக்கும். தொகுப்பில் எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட கருவிகள் உள்ளன என்றாலும், காட்சிக்கு வைக்கப்பட்டவை ஆயிரத்துச் சில நூறே. பெல்ஜிய மண்ணிற் பிறந்த அடால்ஃப் சேக்ஸ் படைத்த கருவிகளுக்கு அங்கே தனியிடம் உண்டு. 1846இல் அவர் உரிமம் பெற்ற சாக்சபோனை, கருநாடக இசையின் கமகங்களுக்கு இசைவித்து மேடையேற்றியவர் கத்ரி கோபால்நாத் என்பதை நம் இசையன்பர் அறிவர். 2019இல் மறைந்த அப்பெருங்கலைஞரின் வாசிப்பைக் கேட்ட செவிகளுக்கு, அது பெல்ஜியக் கருவி என்பது நம்புதற்கரிய செய்தியாகவே இருக்கும்.

பிரசெல்ஸைக் கண்டு எழுச்சி பெற்ற அமெரிக்கப் பெருவணிகர் இராபர்ட் அல்ரிச் என்பார், 2010இல் அரிசோனா மாநிலத்துப் பீனிக்ஸ் நகரில் மாபெரும் இசைக்கருவிக் காட்சியகம் ஒன்றைத் திறந்தார். அங்கே கருவிகள் வகையால் அன்றி நாட்டால் பிரிக்கப்பட்டுள்ளன. ஏறக்குறைய இருநூறு நாடுகளுக்கு இடம் உண்டு. ஒவ்வொன்றின் அருகிலும் திரையில் அந்நாட்டுக் கலைஞர்கள் வாசிக்கும் காட்சி ஓடுகிறது. மாணாக்கர் தாமே கருவிகளைத் தொட்டு வாசிக்கும் கூடமும் உண்டு. நாட்டால் பிரிப்பது பார்ப்போர்க்கு இனிது. ஆனால் வகைமுறை காட்டும் உறவுகள் அதிற் சிதறிவிடும். நம் நாகசுரத்தையும், மலாய்க்காரரின் செருனையையும், அப்பெயரின் மூலமாகிய பாரசீகச் சுர்னாவையும் அருகருகே வைத்தாலன்றி அவை ஒரே வகைச் சீவாளிக் குழல்கள் என்பது எப்படிப் புலப்படும்? மஹியோனின் வரிசையே கற்பிப்பதற்கு உகந்தது என்று துணிகிறேன்.

நம் மலேசிய நாட்டில் செருனையும் நபிரியும் கெண்டாங்கும் அடங்கிய 'நொபாட்' இசைக்குழு, அரச மரபின் சின்னமாக இன்றும் சில மாநிலங்களில் உயிரோடு இருக்கிறது. கெடா மாநிலத்து அலோர் ஸ்டாரில் அக்கருவிகளுக்கென்றே கோபுர வடிவில் 'பாலாய் நொபாட்' என்னும் தனிக்கட்டடம் உண்டு. அக்கருவிகள் பார்ப்பதற்காக வைக்கப்பட்டவை அல்ல. முடிசூட்டு விழாவில் முழங்குவதற்காகக் காக்கப்படுபவை. தோட்டப்புறங்களில் நம் முன்னோர் கொண்டுவந்த பறையும் உறுமியும் அதுபோன்றே எந்தப் பேழையின் துணையுமின்றி வாழ்ந்துவருகின்றன. தைப்பூசத்தில் உறுமி ஒலிக்கும்போது, அதன் வளைந்த குச்சி தோலின்மேல் உரசி எழுப்பும் அந்த உறுமலை நம் பிள்ளைகளுக்கு விளக்க அருஞ்சொற்பொருள் தேவைப்படுவதில்லை.

தமிழகத்திற் கருவிகளைக் காட்சியாக்கும் பணியில் முதலில் நினைக்கத்தக்கது சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகம். அங்குள்ள இசைக்கருவிகளுக்குப் பேராசிரியர் சாம்பமூர்த்தி எழுதிய விளக்க அட்டவணை 1931இல் வெளிவந்தது. மியூனிக் நகரில் பயின்று ஐரோப்பிய இசையியலையும் அறிந்த அவர், ஒவ்வொரு கருவிக்கும் அமைப்பு, வாசிக்கும் முறை, வழங்கும் இடம் ஆகியவற்றைச் சுருங்க உரைத்தார். 'ஒருவகைப் பறை' என்று எழுதித் தப்பிக்கும் வழக்கம் அவரிடம் இல்லை. ஐந்து முகங்களை உடைய குடமுழா இன்னும் திருவாரூர்க் கோயிலில் முழங்குகிறது. அடியார்க்குநல்லாரின் பட்டியலில் கண்ணாற் காணவும் காதாற் கேட்கவும் கூடியனவாக எஞ்சியவற்றுள் அதுவும் ஒன்று.

எந்தக் காட்சியகத்திலும் காணவொண்ணாதது யாழ். திருவள்ளுவர் மழலைக்கு ஒப்பாகக் குழலோடு சேர்த்து நினைத்த யாழ். இருபத்தொரு நரம்புடைய பேரியாழ் முதல் ஏழு நரம்புடைய செங்கோட்டியாழ் வரை வகைவகையாகப் பேசப்படும் யாழ். பழந்தமிழர் மீட்டிய அதன் ஒரேயொரு மாதிரியும் நமக்குக் கிட்டவில்லை. கிட்டியவை சொற்களே. பொருநராற்றுப்படை அதன் பத்தரை மான்குளம்பு பதிந்த தடத்துக்கும், போர்த்த தோலை விளக்குச் சுடரின் நிறத்துக்கும் உவமிக்கிறது. பெரும்பாணாற்றுப்படை அதன் திவவுகளை, அதாவது நரம்பை இறுக்கிக் கட்டும் வார்களை, கைவளையின் சுற்றுக்கு ஒப்பிடுகிறது. இத்தகைய சொற்களைக் கொண்டே, மட்டக்களப்பைச் சார்ந்த காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் பல்லாண்டு உழைத்து யாழின் வடிவையும் சுருதியையும் கணித்து 'யாழ்நூல்' இயற்றினார். கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வெளியீடாக 1947ஆம் ஆண்டு சூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அந்நூல் அரங்கேறியது. அடுத்த திங்களிலேயே அடிகள் மறைந்தார்.

யாழைக் காண விரும்பும் மாணாக்கர்க்கு அவருடைய நூலோடு, உலகக் காட்சியகங்கள் பலவற்றிலும் காணப்படும் பர்மிய 'சௌங்' என்னும் கருவியையும் காட்டலாம். படகு போன்ற உடல், அதன்மேல் மான்தோல், மேல்நோக்கி வளைந்த தண்டு, தண்டைச் சுற்றிக் கட்டிய சிவந்த கயிறுகள். அக்கயிறுகளை நகர்த்தியே பழைய சௌங்கிற் சுருதி கூட்டினர். திவவு என்னும் சொல்லுக்கு அதைவிடத் தெளிவான படவிளக்கம் நான் கண்டதில்லை. இந்தியாவினின்றும் பௌத்தத்தோடு கிழக்கே சென்ற வில்யாழின் வழித்தோன்றல் அது என்பர் இசை வரலாற்றார். அமராவதிச் சிற்பங்களிலும், சமுத்திரகுப்தன் தன் மடியில் யாழ் ஏந்தி வீற்றிருக்கும் பொற்காசிலும் அதே வளைவு தெரியும். தாய்நிலத்தில் அவ்வளைவு முற்றும் மறைந்துவிட்டதோ எனின், இல்லை. மத்தியப் பிரதேசத்துப் பர்தான் என்னும் பாணர் குலத்தார் 'பின்பாஜா' என்றொரு சிறிய வில்யாழைத் தம் கதைப்பாடல்களுக்குத் துணையாக மீட்டி வந்துள்ளனர். அதன் தண்டு வளைந்தது, பத்தரின்மேல் தோல் போர்த்தது, நரம்புகள் ஐந்து.